கோபுரத்தால் அளந்த வானம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருமுனையில் காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி மாதம், விடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. புகை கூரை உயரம் வரை எழும்பி, அங்கிருந்து படுத்துக்கொண்டு தெரு நெடுகப் பரவுகிறது. வாசலில் கோலம் போடுகிறவர் இருமுகிறார். எட்டு மணிக்குத் தறியில் உட்காரும்போதும் அந்த நெடி வீட்டுக்குள் இருக்கிறது. அதே குவியலைச் சித்திரை மாதம் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொளுத்தினால் புகை மேலே ஏறிக் கலைந்துவிடும். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் நெருப்பு எரிந்ததற்கு அடையாளம் சாம்பல்தான்.

எரிந்தது ஒரே பொருள், வெளிவந்த புகையும் ஏறத்தாழ ஒரே அளவு. மூச்சுக்குள் போன அளவோ பல மடங்கு வேறு. காற்று மாசு என்றதும் எவ்வளவு புகை விட்டோம் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தப் புகைக்கு வானம் எவ்வளவு இடம் கொடுத்தது என்பது கணக்கின் மறுபாதி. சுற்றிலும் ஏரிப்பாசன வயல், நடுவில் பட்டுத்தறி, கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் கடல் என்று அமைந்த காஞ்சிபுரத்தில் இந்த மறுபாதி மாதத்துக்கு மாதம் மாறுகிறது, சில நாட்களில் மணிக்கு மணியும் மாறுகிறது. இந்த அத்தியாயம் அந்த மாற்றத்தைப் பற்றியது.

பெரிய காஞ்சிபுரத்தில் இதை அளக்க ஓர் அளவுகோல் தயாராக நிற்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம், 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது, ஏறத்தாழ 59 மீட்டர் உயரம். தெளிந்த வானமும் அடங்கிய காற்றுமாக இருக்கும் மார்கழி விடியலில், தரையில் விடும் புகை கலந்து பரவக்கூடிய உயரம் சுமார் மூன்று கோபுரம். சித்திரை நண்பகலில் அதுவே முப்பது கோபுரம் அளவுக்கு உயரும். புகை அதேதான், அறை பத்து மடங்கு பெரியதாகிவிட்டது. ஆகவே அடர்த்தி பத்தில் ஒரு பங்காகிறது.

இந்த அறையின் கூரையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் தரையின் சூடு. வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் படிந்திருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசானது, அது ஏறுகிறது. மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. பகல் முழுக்க நடக்கும் இந்த ஏற்ற இறக்கம் புகையையும் தூசியையும் மேலே கொண்டுபோய்க் கலக்கிவிடுகிறது. இரவில் கதை திரும்புகிறது. மேகமில்லாத வானத்தை நோக்கித் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிரும், அதற்கு மேலே உள்ள காற்று அவ்வளவு குளிராது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இப்போது மேலே போகப் போக வெதுவெதுப்பாகிறது. கீழே கனமான காற்று, மேலே லேசான காற்று. அந்த அடுக்கு அசையாது, புகையும் அதைத் தாண்டி ஏறாது. வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் என்பார்கள். சென்னை மீனம்பாக்கத்தில் இந்திய வானிலைத் துறை காலை, மாலை இருவேளையும் பறக்கவிடும் பலூன்கள், ஏறும்போதே வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து அனுப்புகின்றன. பனிக்காலக் காலை பலூன் அனுப்பும் வரைகோடு, தரையை ஒட்டி வலப்பக்கமாக வளைந்து கிடக்கும். அந்த வளைவுதான் நம் தலைக்குமேல் இருக்கும் மூடி.

உயரம் மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும். கூரையின் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒரு நாளின் காற்று எவ்வளவு புகையைச் சுமந்து அப்புறப்படுத்தும் என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். 150 மீட்டர் உயரமும் நொடிக்கு 1 மீட்டர் காற்றும் இருக்கும் விடியலுக்கு அந்த எண் 150. கூரை 1,500 மீட்டர், காற்று நொடிக்கு 6 மீட்டர் என்று வீசும் ஒரு ஆடி மாதப் பிற்பகலுக்கு 9,000. அறுபது மடங்கு வித்தியாசம். ஒரு வருஷத்தின் சராசரி என்று ஒற்றை எண்ணைச் சொல்லும்போது இந்த அறுபது மடங்கும் அதற்குள் புதைந்துபோகிறது.

மார்கழியிலிருந்து ஆரம்பிப்போம், அதுதான் கடினமான காலம்.

காஞ்சிபுரத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். தென்னேரி, உத்திரமேரூர் ஏரி, மாமண்டூர் ஏரி என்று பல்லவர் காலமும் சோழர் காலமும் விட்டுச்சென்ற நீர்ப்பரப்புகள் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு நிறைந்து கிடக்கும். வயலெல்லாம் ஈரம். இரவில் தரை குளிரும்போது அதன்மேல் இருக்கும் காற்று ஈரத்தைத் தாங்கமாட்டாமல் பனியாக இறக்கும். சில நாட்களில் மூடுபனியாகவே நிற்கும். மூடுபனிக்கு ஈரம் மட்டும் போதாது என்பதை 1880-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கென் காட்டினார். தூசியை வடிகட்டி நீக்கிய காற்றில் நீராவியைச் செலுத்தினால் பனிமூட்டம் உண்டாகவில்லை. தூசியுள்ள காற்றில் செலுத்தியதும் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஒவ்வொரு நுண்துளிக்கும் உட்கார ஒரு துகள் வேண்டும். புகை அதிகமானால் துளிகளின் எண்ணிக்கை கூடும், அவை இன்னும் பொடியாக இருக்கும், வெளிச்சத்தை இன்னும் சிதறடிக்கும். பனியும் புகையும் சேரும்போது கண்ணுக்கு எட்டும் தூரம் சடாரென்று சுருங்குவது இதனால்தான்.

2018 ஜனவரி 13, போகி. சென்னையில் விடியற்காலையில் எரித்த பழைய பாய், துணி, டயர் ஆகியவற்றின் புகை, தாழ்ந்த மூடிக்குக் கீழே பனியோடு சேர்ந்து தங்கிவிட்டது. விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியவில்லை. விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன, பல ரத்தாயின. ஆண்டின் எந்த நாளில் எந்த வேளையில் எரித்தால் புகை மிக அதிகமாகத் தேங்குமோ, அந்த வேளைக்கு மிக நெருக்கமான ஒன்றில் போகி வருகிறது. பழையன கழிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. டயரையும் பிளாஸ்டிக்கையும் அந்த நெருப்பில் போடுவதுதான் பொறுக்க முடியாதது. வைக்கோல் பாய் எரிந்தால் வருவது புகை. டயர் எரிந்தால் அதோடு கந்தக வாயுக்களும் புற்றுநோய் உண்டாக்கும் கரிமச் சேர்மங்களும் வரும், கைக்குழந்தை தூங்கும் அறைக்குள்ளும் வரும்.

இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது, வங்கக் கடலைக் கடந்து வருவதால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வீரபத்திரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் தலைமை தாங்கிய இந்தியப் பெருங்கடல் ஆய்வு வேறொன்றைக் கண்டது. மாலத்தீவில் தளம் அமைத்து விமானங்களிலும் கப்பலிலும் அளந்தபோது, ஆளில்லாத கடலின் மேலேயே 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டம் படிந்திருந்தது. தெற்காசியாவின் விறகடுப்பு, வயல் நெருப்பு, டீசல், நிலக்கரி ஆகியவற்றின் புகை கண்டத்திலிருந்து இறங்கிக் கடலுக்கு மேல் பயணம் செய்திருந்தது. 2019 நவம்பர் தொடக்கத்தில் சென்னை பல நாள் மங்கிக் கிடந்தபோது, டெல்லிப் புகை இங்கே வந்துவிட்டது என்று ஒரு கட்சியும், காற்று அசையாததால் உள்ளூர்ப் புகையே தேங்கியது என்று இன்னொரு கட்சியும் வாதாடின. தூரத்துப் புகை வரக்கூடியதுதான். ஆனால் மூன்று கோபுர உயரத்துக்குள் நாமே விடும் புகை முதலில் நம் நெஞ்சுக்குள்தான் போகும்.

விவசாயப் பகுதியின் காற்று என்றாலே பஞ்சாப் வயல் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றியும் நெல்தான். இங்கே ஏன் அப்படி நடப்பதில்லை என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

பஞ்சாபில் 2009-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது. நோக்கம் நல்லது, கோடை வெயிலில் வயலில் நீர் தேக்கி நிலத்தடி நீரை வற்றடிக்கக் கூடாது என்பது. விளைவாக அறுவடை அக்டோபர் பிற்பகுதிக்கும் நவம்பருக்கும் தள்ளிப்போனது. உடனே கோதுமை விதைக்க வேண்டும், கையில் இருப்பது இரண்டு மூன்று வாரம். அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை அப்புறப்படுத்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை, தீக்குச்சிதான் மலிவு. லட்சக்கணக்கான ஏக்கர் ஒரே சமயத்தில் எரிகிறது. அதே வாரங்களில் வட இந்திய வானத்தின் மூடி இறங்கத் தொடங்குகிறது. நெருப்பின் காலமும் மூடியின் காலமும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

காஞ்சிபுரத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம். ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுக்கும் சம்பா. மார்கழி, தையில் நட்டுச் சித்திரையில் அறுக்கும் நவரை. சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணியில் அறுக்கும் சொர்ணவாரி. எல்லா வயலிலும் மூன்றும் போடுவதில்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு, கிணற்றில் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒருவர் இரண்டு போடுவார், இன்னொருவர் ஒன்று. அதனால் அறுவடை ஒரே வாரத்தில் குவிவதில்லை. அடுத்த காரணம் மாடு. வைக்கோல் இங்கே குப்பையாகிவிடவில்லை, விலைபோகும் தீவனம். இயந்திரம் அறுத்துப்போட்ட வைக்கோலை உருளையாகச் சுருட்டிக் கட்டும் இயந்திரங்கள் இப்போது வயலுக்கு வயல் போகின்றன. அறுவடை முடிந்த நிலங்களில் அந்த உருளைகள் லாரிக்காகக் காத்துக் கிடக்கின்றன. மூன்றாவது காரணம் வானம்: சித்திரையிலும் ஆவணியிலும் யாராவது கொஞ்சம் தாளை எரித்தாலும் மூடி உயரத்தில் இருக்கிறது.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நகர முடியாது, ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு காலும் தனித்தனியாக ஆட்டம் காணக்கூடியது. மாடு வளர்ப்பது குறைந்தால் வைக்கோலின் விலை இறங்கும். கதிர் அறுக்க ஆள் கிடைக்காமல் இயந்திரம் வந்தபின் வயலில் நிற்கும் தாளின் உயரம் கூடியிருக்கிறது. சம்பா அறுவடை தையில் வருகிறது, அதாவது மூடி தாழ்ந்திருக்கும் நாட்களில். கரும்பு போட்ட இடங்களில் வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சோகையைப் பரப்பி மண்ணுக்கு மூடாக்காக விட்டால் ஈரம் காக்கும், களை குறையும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். பொடியாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் ஊரில் அதைச் செய்கிறார்கள்.

வயலிலிருந்து காற்றுக்குப் போகும் இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. யூரியா போட்ட ஈர வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் அம்மோனியா வாயு எழும்புகிறது. வண்டிகளும் அனல்மின் நிலையங்களும் விடும் நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் காற்றில் அமிலமாக மாறுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்புத்துகள்கள் பிறக்கின்றன. சாலையின் புகையும் வயலின் உரமும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. ஒருபக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், மறுபக்கம் நெல் வயலும் இருக்கும் இந்தப் பகுதியில் நகரத்து மாசு, கிராமத்து மாசு என்று கோடு கிழிப்பது வேதியியலுக்கு ஒத்துவராது.

மாசி, பங்குனியில் தரை காய்கிறது, தூசியின் காலம் தொடங்குகிறது. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கல் குவாரிகளும் கிரஷர்களும் எம்-சாண்ட் லாரிகளும் ஓடும் சாலையோரங்களில் செடிகளின் இலை சாம்பல் நிறமாகியிருக்கும். இலையின் சுவாசத்துளை அடைபட்டால் செடி கரியமில வாயுவை எடுப்பது குறைகிறது, வெயிலும் உள்ளே எட்டுவதில்லை. சாலையோர வயல்காரர்களின் புகாருக்கு அடிப்படை இருக்கிறது.

எந்தத் துகள் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும் என்பது அதன் பருமனைப் பொறுத்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசையாத காற்றில், தண்ணீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள் நொடிக்கு 3 மில்லிமீட்டர் இறங்கும். 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து தரையைத் தொடக் கால்மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 1 மைக்ரான் துகளுக்கு அதே பயணம் ஒரு முழுநாள். அதற்கும் பொடியானது விழுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கல்தூளின் பெரும்பகுதி பருமனானது, லாரி போன சிறிது நேரத்தில் இறங்கிவிடும், மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். விறகு, டீசல், டயர் இவற்றின் புகையோ 1 மைக்ரானுக்கும் கீழே. அது நுரையீரலின் ஆழத்துக்குப் போய் ரத்தத்திலும் கலக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசிக்குப் பயந்து, தெரியாத புகையை நாம் சகித்துக்கொள்கிறோம். பயம் இடம் மாறியிருக்கிறது.

வைகாசிக் கத்திரியில் நண்பகல் மூடி மிக உயரத்தில் இருக்கும். புகைக்கு வேண்டிய இடம் இருக்கிறது. அப்படியானால் காற்று நன்றாக இருக்க வேண்டுமே என்றால், இங்கேதான் கடல் குறுக்கிடுகிறது.

பகல் பத்து, பதினொரு மணிவாக்கில் கடற்கரையில் கடல்காற்று தொடங்குகிறது. நிலம் கொதிக்கிறது, கடல் குளிர்ந்திருக்கிறது, நிலத்தின்மேல் எழுந்த காற்றின் இடத்தை நிரப்பக் கடல் பக்கத்துக் காற்று உள்ளே நுழைகிறது. அதன் முனை மணிக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகரும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடாரில் அந்த முனை சில நாட்களில் மெல்லிய கோடாகத் தெரியும். அங்கே காற்று மோதி எழுவதால் பூச்சிகளும் தூசியும் திரள்கின்றன, ரேடார் அலை அவற்றில் பட்டுத் திரும்புகிறது. தாம்பரம், படப்பை, வாலாஜாபாத் என்று கடந்து காஞ்சிபுரத்தை அது எட்ட மாலை ஐந்து, ஆறு மணியாகிவிடும். மேற்குக் காற்று பலமாக எதிர்த்தால் வராமலே போகும்.

வரும் நாட்களில் ஊரே ஆசுவாசப்படும். திண்ணைக்கு ஆட்கள் வருவார்கள். வெப்பமானி நான்கைந்து டிகிரி இறங்கும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றின் தடிமன் சில நூறு மீட்டர்தான். அது சூடான காற்றுக்கு அடியில் ஆப்பாக நுழைகிறது, முப்பது கோபுரமாக இருந்த கூரை ஒரே மணி நேரத்தில் ஐந்தாறு கோபுரமாகச் சுருங்கிவிடும். அதோடு அது வழியில் கடந்து வந்த ஊர்களின் புகையையும் ஏந்தி வருகிறது. உடம்புக்கு இதமான காற்றும் நுரையீரலுக்கு நல்ல காற்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இதே வெயில் ஓசோனையும் சமைக்கிறது. வானத்தின் உச்சியில் நம்மைக் காக்கும் ஓசோன், தரையருகே ஒரு நச்சு. அதை எந்தக் குழாயும் நேரடியாக வெளியிடுவதில்லை. வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் பெட்ரோல், பெயிண்ட், கரைப்பான் ஆகியவற்றின் ஆவியும் வெயிலில் சில மணி நேரம் வெந்தபின் அது பிறக்கிறது. வாகன நெரிசலின் நடுவே புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். நகரத்தைத் தாண்டி, காற்று போகும் திசையில் உள்ள கிராமங்களில் அது மிஞ்சும். வண்டியே இல்லாத வயலில் ஓசோன் கூடுதலாக இருப்பது இதனால்தான். இலைத்துளை வழியே நுழைந்து பயிரின் பசுமையைக் கெடுக்கும், நெல்லும் தப்புவதில்லை, கோதுமைக்கு இன்னும் மோசம். இந்தியத் தரம் எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

அந்தக் கடல்காற்றின் முனை மேற்குக் காற்றோடு மோதும் இடத்தில் காற்று வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. ஈரம் போதுமானால் இடியும் மழையுமாக உடைகிறது. காஞ்சிபுரம், அரக்கோணம், வாலாஜாபாத் வட்டாரத்துக்கு வைகாசி முதல் புரட்டாசி வரை மாலையில் கிடைக்கும் இடிமழையில் பெரும்பகுதி இப்படி வருவது. தென்மேற்குப் பருவம் மலைக்கு அப்பாலேயே மழையைக் கொட்டிவிட்டு வந்தாலும், ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு போல இந்த மாதங்களில் இங்கே பெய்வதற்குக் கடல்காற்று ஒரு முக்கியக் காரணம்.

ஆடியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அம்மியையே பறக்கவிடும் காற்று புகையை விட்டுவைக்காது. மண்ணைக் கிளப்பும், கண்ணை உறுத்தும். நுண்துகளைப் பொறுத்தவரை ஆண்டின் சுத்தமான மாதங்களில் ஒன்று.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மழை பெய்தால் காற்று கழுவப்பட்டுவிடும் என்பது பாதி உண்மை. விழும் மழைத்துளி பருமனான தூசியை இடித்து எடுத்துக்கொள்ளும். மிக மிக நுண்ணிய துகள்கள் தாமே அலைந்து திரிந்து துளியில் ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்டவை, 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளவை, துளியைச் சுற்றி வழியும் காற்றோடு விலகிப்போய்விடும். 1957-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டிய ஸ்டான்லி கிரீன்ஃபீல்டின் பெயரால் அதைக் கிரீன்ஃபீல்டு இடைவெளி என்கிறார்கள். புகைத்துகளில் பெரும்பகுதி அந்த இடைவெளியில் பதுங்கியிருக்கிறது. அரைமணி நேரத் தூறல் தூசியை அடக்கும், புகையை அவ்வளவாக அடக்காது. மேகத்துக்குள்ளேயே துளிகளின் கருவாகிக் கீழே வரும் துகள்களும் உண்டு என்பதால் நாள்கணக்கில் பெய்யும் அடைமழை நன்றாகவே கழுவும். சுருக்கமான மழைக்கும் அடைமழைக்கும் இந்த விஷயத்தில் பெரிய தூரம்.

ஈரத்தின் கணக்கை இந்த ஊர் ஆய்வுக்கூடம் இல்லாமலே நெடுநாளாக வைத்திருக்கிறது. பட்டு நூல் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது ஒரு கிலோ உலர்ந்த பட்டு 110 கிராம் தண்ணீரை ஏற்றுக்கொண்டு 1,110 கிராம் நிற்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும், தொட்டால் ஈரம் தெரியாது. எடைக்கு விற்கும் பொருளில் இது பணம். அதனால்தான் பிரான்சில் லியோன் நகரத்தில் 1805-இல் நெப்போலியன் காலத்திலேயே பட்டின் ஈரத்தை அளந்து சான்று தரும் பொது நிலையம் அமைத்தார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இது எடைக்கணக்கோடு நிற்பதில்லை. காலை வெயிலில் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டிய பாவு, மழைநாளில் காய்வதில்லை. குழித்தறியில் கால் வைக்கும் குழியில் தண்ணீர் ஊறுகிறது, இறைத்தாலும் மறுநாள் ஊறும். ஏரிகளும் வேகவதியும் நிறைந்த வருஷத்தில் பிள்ளையார்பாளையத்தில் வாரக்கணக்கில் தறி நிற்பது இதனால்தான். சரிகைக்கு வேறு கவலை. அதில் இருக்கும் வெள்ளி, சாக்கடையிலிருந்தும் அழுகும் குப்பையிலிருந்தும் வரும் கந்தக வாயு பட்டால் கறுக்கும், ஈரக்காற்றில் இன்னும் வேகமாக.

நெல்லுக்கும் ஓர் எண் உண்டு. அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை எடுப்பார்கள். மழை விடாத அறுவடையில் அந்த எண்ணுக்காகச் சாலையிலும் களத்திலும் நெல்லைப் பரப்பி, புரட்டி, தார்பாயால் மூடி, மறுபடி பரப்பிக் காத்திருக்கிறார்கள். பட்டும் நெல்லும் இரண்டு ஈரமானிகள், ஒன்றின் வாசிப்பு தறியை நிறுத்துகிறது, மற்றதன் வாசிப்பு வண்டியைத் திருப்பியனுப்புகிறது.

துகளும் ஈரம் குடிக்கும். அம்மோனியம் சல்பேட் துகள் 80 சதவீத ஈரப்பதத்தில் உருகித் துளியாகிறது, 90 சதவீதத்தில் அதன் விட்டம் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. தீபாவளிப் புகை ஐப்பசியின் ஈரக்காற்றில் அத்தனை அடர்த்தியாகத் தெரிவது வெடிகளின் எண்ணிக்கையால் மட்டும் இல்லை.

இதையெல்லாம் அளக்க இந்த ஊருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் கீழம்பியில் இருக்கிறது. 2.5 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகளுக்கு 2009-இல் இந்தியா வகுத்த தரம் 24 மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுக்கு 40. உலகச் சுகாதார அமைப்பு 2021-இல் சொன்னது 15, 5. இந்த இடைவெளி வெறும் காகித விஷயமில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டின் கிராமங்களிலும் நகரத்திலுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-இல் வெளியிட்டது: நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. நான்கு கிராம் சின்னதாகத் தோன்றும். விறகடுப்புப் புகை நிறைந்த சமையலறையில் நுண்துகள் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் போகும், அப்போது பெருக்கிப் பார்க்க வேண்டும்.

தினசரிக் காற்றுத் தர எண் 24 மணி நேரச் சராசரியைச் சொல்லும். விடியற்காலை ஐந்து முதல் எட்டு வரை, பாவு நீட்டும் தெருவில், பால் கறக்கும் தொழுவத்தில், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வாசலில் என்ன இருந்தது என்பதை அந்தச் சராசரி சொல்லாது. சருகு எரிக்கக் கூடாது; எரித்தே தீர வேண்டிய இடத்தில் பகல் பதினொன்றுக்குமேல் எரித்தால் அதே புகை பல மடங்கு மெலியும். கிரஷர் ஓடும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், லாரிகள் ஊருக்குள் நுழையும் நேரம், எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மீனம்பாக்கத்துப் பலூனின் காலை வரைகோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று எத்தனை மணிக்கு மூடி விலகும் என்று உள்ளூர் வானொலியிலோ கைப்பேசியிலோ சொல்வது கடினமான வேலை இல்லை. மழை அறிவிப்பை அப்படித்தான் சொல்கிறோம்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய கருவிகளைத் தெருவுக்குத் தெரு மாட்டிவிடலாம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். மாட்ட வேண்டியதுதான். ஆனால் அவை துகளின் எடையைப் பார்ப்பதில்லை, துகளில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணுகின்றன. ஈரம் குடித்து ஊதிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், கருவி அதை அதிக மாசு என்று வாசிக்கும். தரமான நிலையங்களில் காற்றைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கிய பிறகே எடை பார்க்கிறார்கள். ஆகவே காஞ்சிபுரத்தில் இந்தச் சிறு கருவிகள் மிக அதிகமாகத் தவறப்போவது ஐப்பசி முதல் தை வரை, அதாவது நமக்கு எண் மிக அவசியமான காலத்தில். அவற்றைத் தெருவில் மாட்டுமுன் கீழம்பி நிலையத்தின் பக்கத்தில் ஒரு முழு வருஷம், சம்பா அறுவடையும் போகியும் கத்திரியும் அடைமழையும் கடந்து போகும் வரை, ஓடவிட்டு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு ஈரப்பதத்துக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற பட்டியல் அப்போதுதான் கிடைக்கும். பள்ளிகளும் கல்லூரிகளும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் நிறைந்த ஊரில் இதைச் செய்ய ஆட்களுக்குப் பஞ்சமில்லை. முதல் கருவியை வைக்க நான் தேர்ந்தெடுக்கும் இடம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறிக்கு மேல், நெய்கிறவரின் மூக்கு இருக்கும் உயரத்தில். இரண்டாவது, உத்திரமேரூர்ச் சாலையில் லாரி போகும் ஓரத்து நெல் வயலில்.